கேமராவுக்கு யார் பூட்டுப் போட்டது?

"என் வாயை யார் சார் அடைச்சது?"

கதவைத் தட்டாமலே உள்ளே வந்து நின்றாள் அவள். சர்வர் அறையின் குளிருக்கு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்தான். நிமிர்ந்தவன் அப்படியே இருந்துவிட்டான்... அவ்வளவு பெரிய கண்கள். அந்தக் கண்கள் நிறையக் கோபம். மழைக்கு முந்திய வானம் மாதிரி கறுத்து, எந்த நிமிஷமும் கொட்டிவிடும் போலிருந்தன.

"நல்லாத்தானே பேசுறீங்க" என்றான்.

சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

"நான் பேசறது வாயால இல்ல சார். இதால." இரண்டு கைகளையும் அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். நீளமான, மெலிந்த விரல்கள். "கேமரா இல்லாம இதை யார் பார்ப்பாங்க?"

ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்கு 'சைகை மேடம்' என்றுதான் பெயர். காது கேளாத நோயாளிகளுக்கும் டாக்டர்களுக்கும் நடுவில் வீடியோ அழைப்பில் உட்கார்ந்து, டாக்டர் சொல்வதைக் கையால் சொல்வாள். நோயாளி கையால் சொல்வதை வாய்விட்டுச் சொல்வாள். எதிரே உட்கார்ந்திருந்தவனுக்கு 'பூட்டு சார்' என்று பெயர். எந்தக் கம்ப்யூட்டரில் எது திறக்கலாம், எது திறக்கக் கூடாது என்று பாலிசி எழுதிப் பூட்டுவது அவன் வேலை. பென் டிரைவைப் பூட்டினான், சினிமா தளங்களைப் பூட்டினான். நர்ஸுகளின் சாபம் முழுக்க அவன் தலையில்தான் விழும். ஆள் என்னவோ பார்க்கச் சாதுதான்.

எங்கேயோ ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளியின் படம் வெளியே போய்விட்டதாம். மேலிடம் பயந்துபோய், இன்று காலையிலிருந்து எல்லாக் கம்ப்யூட்டரிலும் கேமராவுக்குத் தடை போடச் சொல்லிவிட்டது. பூட்டு சார் போட்டான்.

"ஆனா உங்களுக்கு விலக்கு இருக்கு மேடம். நானே ஞாபகமா கேட்டு வாங்கினேன்." திரையை அவள் பக்கம் திருப்பினான். "இதோ... சைகைப் பிரிவு. விலக்கு. உங்களுக்குத் திறந்துதான் இருக்கு. கேமரா கெட்டுப் போயிருக்கும்."

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லா இருந்தது."

"அப்போ... இன்னிக்கு ஒரு நாள் மட்டும் ஆடியோவுல பேசிக்கலாமே?"

அவள் அவனையே பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே அவன் காது மடல்வரை சிவந்துபோனான். ஒரு முட்டாள்தனமான பேச்சுக்கு இவ்வளவு சிவப்பதேன் என்று அவளுக்குக்கூட லேசாகத் தோன்றியது.

"காது கேக்காதவங்ககிட்ட... ஆடியோவுல?"

"டைப் பண்ணி..."

"இன்னிக்கு நான் பேச வேண்டிய அம்மாவுக்கு எழுத்து அவ்வளவா வராது. தையல்காரங்க. தூரத்துக் கிளினிக்ல காத்திட்டிருக்காங்க. நாளைக்குக் காலையில கழுத்துல ஆபரேஷன். இன்னிக்கு நாலு மணிக்கு டாக்டர் விளக்கிச் சொல்லி, அவங்க சம்மதிச்சாத்தான் நடக்கும். இல்லேன்னா அந்த இடம் அடுத்தவங்களுக்குப் போயிடும், மறுபடி எப்போ கிடைக்குமோ. புரியாம தலையாட்ட வெச்சு அனுப்ப மாட்டேன். என் சீட்டுக்கு வந்து பாருங்க."

"அவசியமில்ல மேடம். இங்கேயிருந்தே எனக்கு எல்லாம் தெரியும்."

"தெரியலையே சார். தெரிஞ்சிருந்தா நான் ஏன் இங்க நிக்கிறேன்?"

அவன் எழுந்தான். அவள் முன்னே நடக்க, பின்னால் போனான். ஆஸ்பத்திரி வராந்தாவில் பூட்டு சாரை ஒருத்தி இழுத்துக்கொண்டு போகிறாள் என்று பார்த்தவர்கள் பேசிக்கொண்டார்கள். ஒரு நர்ஸ் கைதட்டக்கூடச் செய்தாள்.

அவளுடைய அறை சின்னது. ஒரு மேஜை, அதற்கு எதிரே பெரிய ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே கறுத்துக்கொண்டு வரும் வானம். உட்கார்ந்தால் வெளிச்சம் நேராக முகத்தில் விழும். அவன் உட்கார்ந்து, கறுப்பு நிறத்தில் ஒரு ஜன்னலைத் திரையில் திறந்து, ஏதோ ஒரு வரியைத் தட்டினான். எழுத்துகள் சரசரவென்று மேலே ஓடின.

"என்ன இது?"

"நான் எழுதி அனுப்பினது ஒண்ணு... இந்த மெஷின்ல நிஜமா அமல்ல இருக்கிறது ஒண்ணு. ரெண்டும் ஒண்ணுதானான்னு மெஷினையே கேக்கறேன். எந்தெந்த பாலிசி இதுக்கு வந்து சேர்ந்திருக்கு, எது ஜெயிச்சிருக்குன்னு அதுவே சொல்லும்."

சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றான். கேமரா... தடை... அமலில். அவன் புருவம் சுருங்கியது. தலைப்பில் இருந்த மெஷின் பெயரைப் பார்த்தான். இன்னொரு முறை பார்த்தான்.

"மேடம், இது உங்க கம்ப்யூட்டர் இல்லையே."

"என்னோடதுதான். போன வாரத்துலேர்ந்து."

"போன வாரத்துலேர்ந்தா?"

"முன்னாடி இருந்த ரூம்ல வெளிச்சம் முதுகுல விழும். என் முகமே இருட்டா தெரியும். முகம் தெரியலேன்னா பாதிப் பேச்சு போச்சு சார். பில்லிங் அக்காவுக்கு இந்த ஜன்னல் வெயில் ஆகல. அவங்க என் ரூமுக்குப் போய் அங்க கவுன்ட்டர் வெச்சுக்கிட்டாங்க, நான் இங்க வந்தேன். கம்ப்யூட்டரை யார் தூக்கிட்டு அலையறது? அதது இருந்த இடத்துலயே இருந்துது."

அவன் நெற்றியில் கைவைத்துக்கொண்டான். விலக்கு கம்ப்யூட்டருக்குப் போட்டிருந்தது. அவளுக்கு இல்லை. அந்தக் கம்ப்யூட்டர் இப்போது பில்லிங் கவுன்ட்டரில் இருக்கிறது. ஆஸ்பத்திரி முழுக்கக் கேமரா குருடாகிக் கிடக்கையில், பில்லிங் அக்கா மட்டும் காலையிலிருந்து அதில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருக்கிறாள்.

"சீட்டு மாறினா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா மேடம்?"

"மெஷினைப் பார்த்து விலக்கு கொடுக்கறதுக்கு, ஒரு தடவை ஆளைப் பார்த்துக் கொடுத்திருக்கலாமே சார்?"

அவன் ஆளைப் பார்த்தான். அவள்தான் முதலில் கண்ணைத் தாழ்த்தினாள்... இப்படிப் பார்க்கச் சொல்லவில்லையே என்று மனசு ஒரு பக்கம் சிணுங்கியது.

பில்லிங் கவுன்ட்டரிலேயே உட்கார்ந்து பேச முடியுமா என்று கேட்டான். வரிசையில் நிற்கும் அத்தனை பேர் முன்னாலும் ஒரு பொம்பளையின் உடம்பைப் பற்றிக் கையால் பேசச் சொல்கிறீர்களா என்று திருப்பிக் கேட்டாள். அந்த மெஷினைத் தூக்கி வந்தால்? பில்லிங் நின்றால் வரிசை ரோட்டுக்குப் போய்விடும். ஆகவே விலக்கை இந்த மெஷினுக்கு மாற்றுவதுதான் வழி. அதற்குப் பாதுகாப்பு அதிகாரி சரி சொல்ல வேண்டும்.

"மெயில் போடறேன். எப்படியும் நாளைக்குள்ள..."

"நாளைக்கு அவங்க கழுத்துல கத்தி வெக்கறாங்க சார். வாங்க, நடக்கலாம்."

பாதுகாப்பு அதிகாரி கூட்டத்தில் இருந்தாள். கூட்டம் முடிகிறவரை இவள் அந்தக் கதவை விட்டு அசையவில்லை. உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. அவனும் நின்றான். அதிகாரி வெளியே வந்ததும் அவன்தான் முந்திக்கொண்டு பேசினான்.

"தப்பு என்னோடது மேடம். எழுதினதைப் பார்த்தேன், அமல்ல இருக்கிறதைப் பார்க்கல. இவங்க மெஷினைத் திறக்கணும், பில்லிங்ல இருக்கிறதை மூடணும்."

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சரி என்றாள். சீட்டு மாறினதை இவன் சொல்லவே இல்லையே என்று சைகை மேடம் ஓரக்கண்ணால் அவனைப் பார்த்தாள். காட்டிக் கொடுக்காத மனுஷன்... ஒரு மதிப்பெண் போடலாம்.

விலக்கை மாற்றி, மெஷினை ரீஸ்டார்ட் செய்தான். கேமராவைத் திறந்தாள். கறுப்பு.

"இப்போ வேலை செய்யணுமே..." என்றான்.

"'செய்யணும்' வேண்டாம் சார். செய்யுதான்னு பாருங்க."

மறுபடி அதே வரி, அதே ரிப்போர்ட். தடை இன்னும் அமலில்தான் இருந்தது. மெஷின் எந்த சர்வரைக் கேட்டது என்று பார்த்தான். பக்கத்துக் கட்டடத்து சர்வரைக் கேட்டிருக்கிறது. இவன் மாற்றி எழுதியது அங்கே இன்னும் போய்ச் சேரவில்லை. "இருங்க" என்று சொல்லிவிட்டு ஓடினான். ஓடினான் என்றால் நிஜமாகவே ஓட்டம். ஜன்னல் வழியே பார்த்தாள். முதல் தூறலில் ஸ்வெட்டர் நனைய, முற்றத்தைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தான். யாருக்காக இந்த ஓட்டம்? தையல்காரம்மாவுக்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

திரும்பி வந்து, மூச்சு வாங்க, மறுபடி ரீஸ்டார்ட். மறுபடி அந்த வரி. இந்த முறை ரிப்போர்ட்டை முழுக்கப் படித்த பிறகே வாயைத் திறந்தான்.

"விலக்கு... அமலில்."

கேமரா திறந்தது. திரையின் மூலையில் சின்னச் சதுரமாக அவள் முகம். அவள் தோளுக்கு மேலே, தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்ட, அவன் முகம். அந்தச் சதுரத்துக்குள் இரண்டு முகங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன... நேருக்கு நேராக என்றால் பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்போது பார்த்து மழை கொட்டத் தொடங்கியது. வானம் மூடி, ஜன்னல் இருண்டு, அவள் முகம் திரையில் நிழலாகிப் போனது. அறை விளக்கு தலைக்கு மேலே இருந்தது. கைகளின் நிழல் மார்பில் விழுந்தது. அவன் ஒன்றும் கேட்காமல் பக்கத்து அறையிலிருந்து மேஜை விளக்கு ஒன்றைக் கொண்டுவந்தான். வைக்க இடம் இல்லை. அவளுக்குப் பக்கவாட்டில் நின்று கையிலேயே பிடித்துக்கொண்டான்.

"பிடிச்சுக்கிட்டே நிக்கறேன்."

"நிக்கலாம். ஆனா இது நோயாளியோட சொந்த விஷயம். அவங்க கேப்பாங்க, இவர் யாருன்னு. உங்களுக்குச் சைகை மொழி தெரியுமா?"

ஒரு கணம் தயங்கினான். அந்தத் தயக்கத்தை அவள் அப்போது கவனிக்கவில்லை.

"தெரியாது" என்றான்.

திரையில் தையல்காரம்மா வந்தாள். ஒடிசலான உடம்பு, கூர்மையான கண்கள். மற்றொரு கட்டத்தில் டாக்டர். விளக்கோடு நிற்பவர் யார் என்று தையல்காரம்மா கேட்டாள். இவருக்கு நம்ம மொழி தெரியாது, லைட் பிடிக்க வந்திருக்கார், இருக்கலாமா என்று இவள் கைகளால் கேட்டாள். தையல்காரம்மா தலையசைத்தாள்.

டாக்டர் சொல்லச் சொல்ல அவளுடைய கைகள் பேசின. கழுத்தில் வளர்ந்திருக்கும் கட்டி, அதை எடுக்கும் விதம், மயக்க மருந்து... புருவமும் கன்னமும் உதடும் சேர்ந்து பேசின. டாக்டர் முடித்ததும் தையல்காரம்மாவின் கைகள் மெதுவாக எழுந்தன. இவள் குரலில் அது வெளியே வந்தது.

"முன்னாடி ஒரு தடவை எனக்கு ஆபரேஷன் பண்ணாங்க டாக்டர். பிரசவத்துல. யாரும் எதுவும் சொல்லல. கையெழுத்துப் போடுன்னு காட்டினாங்க, போட்டேன். குழந்தையும் இல்ல... கர்ப்பப்பையும் இல்லேன்னு வீட்டுக்கு வந்தப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சது."

அந்தக் கைகள் பாதியில் இருக்கும்போதே இவள் முகத்திலிருந்து வெளிச்சம் நழுவியது. திரும்பிப் பார்த்தாள். விளக்குக்காரன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். "லைட்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். வெளிச்சம் திரும்பி வந்தது, முகம் திரும்பவில்லை.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எதை எடுப்பேன், எதைத் தொட மாட்டேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தையல்காரம்மா விடவில்லை. விரல் மரத்துப் போகுமா என்று கேட்டாள். சிலருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு சில நாள் விரல் நுனி மதமதவென்று இருக்கும், மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். எத்தனை நாள், எந்த மாத்திரை, சரியாகாவிட்டால் யாரைக் கேட்பது என்று அவள் துருவித் துருவிக் கேட்டாள். பிழைப்பும் பேச்சும் இரண்டுமே அந்த விரல்களில்தான். கேட்டு முடித்ததும் சம்மதம் என்று தெளிவாகச் சொன்னாள்.

"நல்லதும்மா. ஆபரேஷனுக்கு அப்புறம் ரெண்டு வாரம் அதிகமா பேசக் கூடாது" என்றார் டாக்டர், பழக்கதோஷத்தில்.

தையல்காரம்மாவின் கண்கள் மின்னின. கைகள் குறும்பாகச் சுழன்றன. அப்போ என் ரெண்டு கையையும் கட்டிப் போடணுமே... என் வீட்டுக்காரர்கிட்ட இப்பவே சொல்லிடாதீங்க, கயிறு வாங்கிட்டு வந்துடுவார்...

இவள் அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள், பக்கத்திலிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு.

அழைப்பு முடியும்வரை அவள் திரும்பவில்லை. வேலையை வேலையாகவே முடித்தாள். திரை அணைந்த பிறகுதான் நாற்காலியோடு திரும்பினாள்.

"எப்போ சிரிச்சீங்க?"

"அவங்க... ஜோக் சொன்னப்போ."

"அவங்க கையால சொன்னப்போ. நான் வாயால சொல்லவே இல்ல."

அவன் விளக்கைக் கீழே வைத்தான்.

"எனக்கு ஒரு அக்கா இருக்கா" என்றான் மெதுவாக. "பிறந்ததுலேர்ந்து காது கேக்காது. எனக்குப் பேச்சு வர்றதுக்கு முன்னாடியே அவ கைதான் பேசக் கத்துக் கொடுத்துது. சின்ன வயசுல பஸ்ல நாங்க பேசிக்கிட்டுப் போனா எல்லாரும் எங்களை மாதிரி கையை ஆட்டி ஆட்டிச் சிரிப்பாங்க. அன்னிலேர்ந்து வெளியில வந்தா கையைப் பாக்கெட்ல விட்டுக்குவேன். வீட்டுக்குள்ளயும் சின்னதாத்தான் பேசுவேன், இடுப்புக்கிட்ட, யாருக்கும் தெரியாத மாதிரி. அவ புரிஞ்சுக்கிட்டா. இப்போ வெளியில வந்தா அவளே என்கிட்ட பேசறதில்ல."

அவளுக்கு இரக்கமாக இருந்தது. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அவளுக்கும் ஒரு சம்பந்தம் கூடி வந்தது, முன்பு. எல்லாம் பேசி முடித்த பிறகு, கல்யாணத்துக்கு அப்புறம் பொது இடத்துல இப்படிக் கையை ஆட்ட வேண்டாமே, பார்க்கிறவங்க சிரிப்பாங்க என்றார்கள். அந்தச் சம்பந்தமே வேண்டாம் என்றாள். என் கைகளைப் பார்த்துக் கூசுகிற ஒருத்தன் என் வாழ்க்கையில் கிடையாது... அன்றைக்கு எடுத்த முடிவு அது. அப்பா கெஞ்சியும், அண்ணன் கத்தியும் அசையாத முடிவு.

இன்று மத்தியானத்திலிருந்து அவளுடைய மனசு கொஞ்சம் கொஞ்சமாக யார் பக்கம் சாய்ந்துகொண்டிருந்ததோ, அவனே அப்படி ஒருத்தன்தானா?

"அந்தம்மாகிட்ட நான் என்ன சொன்னேன்? 'இவருக்கு நம்ம மொழி தெரியாது'ன்னு. வாழ்க்கையில ஒரு தடவை ஏமாந்தவங்க சார் அவங்க. மறுபடியும் அவங்களை ஏமாத்தியாச்சு. என்னை வெச்சு."

"தப்புதான்."

"மத்தியானம் என்கிட்ட 'ஆடியோவுல பேசிக்கலாமே'ன்னீங்க. அக்காவோட வளர்ந்த ஆள் அப்படிக் கேட்டீங்க. எழுதி வெச்சதை மட்டும் பார்க்கற பழக்கம் உங்களுக்கு மெஷின்ல மட்டும் இல்ல. 'அக்கான்னா எனக்கு உயிர்'னு உள்ளே எழுதி வெச்சிருப்பீங்க. வெளியில அமல்ல இருக்கிறது என்ன?"

அவன் விளக்கை எடுத்துக்கொண்டு போனான். அவன் போன பிறகு அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்... அழுகை வரவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

அதற்குப் பிறகு பூட்டு சார் தன் அறையில் உட்கார்ந்து யாரும் பார்க்கவில்லை. மருந்தகம், எக்ஸ்ரே, வார்டு என்று ஒவ்வொரு மேஜையாகப் போய், அந்தந்த மெஷினிலேயே அந்தக் கறுப்பு ஜன்னலைத் திறந்து, எது அமலில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். வராந்தாவில் எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்து வழிவிட்டான். அவளும் ராணி மாதிரி போனாள். போய் அறைக் கதவைச் சாத்திய பிறகு, திரும்பிப் பார்த்தானா இல்லையா என்று தெரியாமல் போனதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஒரு நாள் மெயில் வந்தது. "விலக்கு இனி உங்கள் பெயருக்கு. எந்த மெஷினில் உட்கார்ந்தாலும் கேமரா திறக்கும். நானே நாலு இடத்தில் சோதித்துப் பார்த்துவிட்டேன்." நன்றி என்று எழுதினாள். அதற்குக் கீழே இன்னும் ஏதேதோ எழுதி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு, நன்றியை மட்டும் அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது. "தையல்காரம்மா தையல் பிரிக்க எப்போது வருகிறார்?"

"எதற்கு?"

"மன்னிப்புக் கேட்க வேண்டும்."

"நான் மொழிபெயர்க்க வரட்டுமா?"

"வேண்டாம்" என்று வந்தது.

தையல்காரம்மா வந்த காலை, பில்லிங் கூடம் நிரம்பி வழிந்தது. உட்கார இடமில்லாமல் தூண்களில் சாய்ந்து நின்றார்கள் ஜனங்கள். கழுத்தில் சின்னக் கட்டோடு, கணவரை வரிசையில் நிறுத்திவிட்டு, தையல்காரம்மா இவளிடம் விரல்களை மடக்கி நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். மதமதப்பு போய்விட்டதாம். ஊசியில் நூல் கோத்துவிட்டாளாம்.

அப்போது அவன் வந்தான். ஸ்வெட்டர் இல்லை. கைகள் பாக்கெட்டில் இல்லை. நேராகத் தையல்காரம்மா முன் வந்து நின்றான். கூடத்தைச் சுற்றி ஒரு முறை பார்த்தான், நெற்றியில் வேர்த்திருந்தது. இடுப்புக்கு அருகில், இரண்டு கைகளும் ஏதோ முணுமுணுத்தன.

தையல்காரம்மா குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, தெரியல, பெரிசா சொல்லு என்றாள்.

இவள் அவன் கைகளையே பார்த்தாள். இப்போது திரும்பிப் போய்விடுவான்... போய்விட்டால் அதோடு முடிந்தது. போகாதே என்று உள்ளே ஒரு குரல் கெஞ்சியது. அது தன் குரல்தான் என்று அறிந்து திடுக்கிட்டாள்.

அவன் கைகள் உயர்ந்தன. மார்புக்கு நேரே, எல்லாருக்கும் தெரிகிற உயரத்துக்கு. அன்னிக்கு எனக்கு உங்க மொழி தெரியும். தெரியாதுன்னு பொய் சொன்னேன். இவங்களுக்குத் தெரியாது, பொய் என்னோடது. நீங்க உங்க மனசைத் திறந்து பேசினதை, அனுமதி இல்லாம பார்த்துட்டேன். என்னை மன்னிக்கணும்.

வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். ஒரு குழந்தை அவன் கையைப் பார்த்து அதே மாதிரி ஆட்டியது. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் காது சிவந்தது. ஆனால் கைகள் நிற்கவில்லை. கடைசி வார்த்தைவரை அதே உயரத்தில் பேசி முடித்தன.

தையல்காரம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

எனக்கு அன்னிக்கே தெரியும், என்றாள். என் குழந்தையைப் பத்தி நான் சொன்னப்போ நீ முகத்தைத் திருப்பிக்கிட்டே. சரியா அந்த இடத்துல. மொழி தெரியாதவனுக்கு எந்த இடத்துல திருப்பணும்னு எப்படித் தெரியும்? நீ பார்த்திருந்தா நான் பேச்சை நிறுத்தியிருப்பேன். நீ திரும்பினதாலதான் சொல்லி முடிச்சேன்.

இவள் அப்படியே நின்றாள். மழையை வேடிக்கை பார்க்கிறான் என்று நினைத்தோமே... 'லைட்' என்று பல்லைக் கடித்தோமே. ஒரு பெண்ணின் துக்கத்துக்கு மரியாதை செய்துகொண்டு நின்றவனையா அதட்டினோம்? கண்கள் தானாக நிறைந்தன.

தையல்காரம்மா இவள் முகத்தையும் அவன் முகத்தையும் பார்த்தாள். துணி அளக்கிற கண்களுக்கு இது ஒரு பெரிய கணக்கா? இன்னும் ஏதோ பாக்கி வெச்சிருக்கே, அதையும் சொல்லிடு, எனக்கு வேலை இருக்கு, என்று அவனிடம் சொன்னாள்.

அவன் இவள் பக்கம் திரும்பினான். கைகள் இந்த முறையும் சின்னதாகவில்லை.

ஞாயித்துக்கிழமை அக்காவை மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். வழி முழுக்கப் பேசினேன். கத்தாதேடான்னு அவளே திட்டினா. திட்டிட்டு அழுதா. நீங்க கேட்டீங்களே, வெளியில அமல்ல இருக்கிறது என்னன்னு... அதைக் கேட்டதுக்கு அப்புறம் எனக்குத் தூக்கம் இல்ல. நீங்க கதவைத் தட்டாம உள்ள வந்த நிமிஷத்துலேர்ந்து எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. உங்க கையை, உங்க கோபத்தை, பேசும்போது உங்க முகம் போற போக்கை... எல்லாத்தையும். உங்களோட ரோட்டுல, பஸ்ல, எங்கேயும் இப்படியே பேசிக்கிட்டு நடக்கணும். வாழ்நாள் முழுக்க.

புரியாவிட்டாலும் எதுவோ பெரிதாக நடக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்தது. கவுன்ட்டருக்கு மேலே பாதி உடம்பை நீட்டி பில்லிங் அக்கா கேட்டாள்.

"ஏம்மா, பூட்டு சார் என்னதான் சொல்றார்? எங்களுக்கும் கொஞ்சம் சொல்லேன்."

இந்த ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து, கையால் சொன்ன எதையும் அவள் வாயால் சொல்லாமல் விட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"மன்னிச்சுக்குங்க அக்கா. இதை மட்டும் மொழிபெயர்க்க மாட்டேன். இது எனக்குச் சொன்னது."

பிறகு அவனைப் பார்த்தாள். கூடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, கூடம் முழுக்கத் தெரிகிற மாதிரி, இரண்டு கைகளையும் உயர்த்தினாள். எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு, என்றாள். சாயங்காலம் உங்க அக்காவைப் பார்க்க வரேன். பஸ்லதான் போறோம்.